திங்கட்கிழமை கம்ப்யூட்டர் நின்றுபோனால்?

போன மாதம், விளம்பரத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்து, லேப்டாப்பைத் திறந்து ஒரு விளம்பரத்தைக் காட்டினார். பெயர் வேண்டாம், அவருக்கே தெரியும். கறுப்புத் திரை. நடுவில் வெள்ளை எழுத்தில் 'ஒரு காலையில் எல்லாம் நின்றுபோனால்?' என்று ஒரே ஒரு வரி. கீழே ஒன்றும் இல்லை. "பேரு ரெண்டாவது கட்டத்துல வரும் மேடம். மொதல்ல ஜனங்க கொஞ்சம் பதறட்டும்" என்றார்.

நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன். ஜன்னலைத் திறந்தேன், உடனே மூடினேன். பாவம், அவர் பயந்துவிட்டார். "நல்லா இல்லையா மேடம்?" என்று கேட்டார். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பிரச்சினை. காபி கொடுத்து, வேறு ஏதோ பேசி அனுப்பிவிட்டேன். அன்று சொல்லாத பதிலை இப்போது எழுதுகிறேன். மற்றவர்களும் படியுங்கள். கோபம் வந்தால் என்னோடு சண்டை போடலாம், நான் வீட்டில்தான் இருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பயத்தை வைத்து விளம்பரம் செய்யாதே என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. பல் சொத்தையாகும் என்று பயமுறுத்தித்தான் பற்பசை விற்கிறோம். நாளைக்கு நீ இல்லாவிட்டால் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று கேட்டுத்தான் காப்பீடு விற்கிறோம். பயம் நம் கடையில் உள்ள சரக்குகளில் ஒன்று. அதை விற்கவே மாட்டேன் என்று சொல்கிறவர் இந்தத் தொழிலில் இருந்தால், அவர் இன்னும் வேலையை ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம்.

கம்ப்யூட்டர் பயமும் புதிதல்ல. இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கப்போகிறது, அன்றைக்கு உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் குழம்பி நிற்கப்போகிறது என்று ஒரு பேச்சு இருந்ததே, அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நேரு வீதியில் ஒரு பாத்திரக்கடைக்காரர் 'இரண்டாயிரத்துக்குத் தயாரான கிரைண்டர்' என்று விளம்பரம் கேட்டார். கிரைண்டரில் கம்ப்யூட்டர் ஏது? ஒரு மோட்டார், ஒரு கல், ஒரு பட்டை. "அதான் சொல்றேன், அதுல கம்ப்யூட்டரே இல்ல, அப்ப தயார்தானே?" என்றார் அவர். பலகையில் கடைப் பெயரைப் பெரிதாகப் போட்டு எழுதிக் கொடுத்தோம். படித்தவர்கள் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே கடைக்குள் போனார்கள். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. யார் சொல்கிறார், எதற்காகச் சொல்கிறார் என்பது பலகையிலேயே இருந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டன. உங்களுக்கும் நினைவிருக்கும். விமான நிலையங்களில் கையால் எழுதிய சீட்டுகளை வைத்துக்கொண்டு ஜனங்கள் தரையில் உட்கார்ந்திருந்ததை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நம் ஊரில் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. பஸ் ஓடியது, மீன் வந்தது, கடைகள் திறந்திருந்தன. ஆனால் எல்லோரும் டிவி பார்த்திருந்தார்கள்.

அடுத்த வாரமே ஞானவேல் வந்துவிட்டார். நம் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். அப்போது புதிதாக ஒரு சின்னப் பெட்டியை விற்க எடுத்திருந்தார். கடையின் கணக்கையோ பள்ளியின் மதிப்பெண்களையோ தினமும் நகலெடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளும் பெட்டி. நல்ல பொருள்தான், குறை சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர் நிற்பதை அது தடுக்காது, நின்ற பிறகு தொலைந்ததைத் திருப்பித் தரும், அவ்வளவுதான்.

"மேடம், சூடு ஆறதுக்குள்ள அடிக்கணும்" என்றார். "வர்ற திங்கக்கிழமை கடை தொறக்கறேன். சனிக்கிழமையே ஊரு பேசணும். பேரு மட்டும் அப்ப வேணாம். திங்கக்கிழமை காலைல பேரோட எறங்கறோம்."

அப்போது நான் ஒரு சின்ன விளம்பர ஏஜென்சியை மிஷன் வீதி மாடியில் நடத்திக்கொண்டிருந்தேன். எனக்கும் என் ஆட்களுக்கும் அந்த யோசனை பிடித்துப்போயிற்று. பெயர் சொல்லாமல் ஆவலைக் கிளப்பி, பிறகு பெயரை அவிழ்க்கும் விளையாட்டு நமக்கெல்லாம் எவ்வளவு பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். மைக் கட்டிய ஆட்டோக்களை விடுவது என்று முடிவானது. குரலுக்கு யார் என்ற கேள்வியே எழவில்லை. பஷீர் பாய்தான்.

பஷீர் பாயின் முகத்தைத் தெரியாதவர்கள் ஊரில் உண்டு, குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. நாளை தண்ணீர் வராது, நாளை மின்சாரம் நிறுத்தம், குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து, கடலுக்குப் போக வேண்டாம், எல்லாம் அந்தக் குரலில்தான் வரும். அவர் தண்ணீர் வராது என்றால் பெண்கள் அப்போதே குடத்தை எடுப்பார்கள். துணிக்கடைத் தள்ளுபடி விளம்பரங்களையும் அவர்தான் படிப்பார், ஆனால் அதற்கு வேறு குரல் வைத்திருந்தார், கொஞ்சம் குதித்துக் குதித்துப் பேசுவார். நாங்கள் கேட்டது தண்ணீர் வராத குரல். அரசு அறிவிப்பு ஆரம்பிக்கும் அதே முறையில் எழுதியும் கொடுத்தோம்:

'பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. வரும் திங்கட்கிழமை கம்ப்யூட்டர்கள் நின்றுபோனால் நீங்கள் தயாரா? கம்ப்யூட்டரை நம்பியிருக்கும் அனைவரும் முன்னெச்சரிக்கையாக இருக்கவும்.'

திங்கட்கிழமை எங்கிருந்து வந்தது? கடை திறக்கும் நாள் அது. வேறு ஒரு காரணமும் இல்லை.

சனிக்கிழமை காலை பாயின் பதிவுசெய்த குரலோடு ஆட்டோக்கள் கிளம்பின. மத்தியானத்துக்குள் ஏ.டி.எம். வாசல்களில் வரிசை. லாஸ்பேட்டையில் கல்லூரிப் பிள்ளைகள் சான்றிதழ்களை அச்சடித்துக்கொள்ளக் கடை கடையாக ஸ்கூட்டரில் அலைகிறார்கள் என்று என் ஆள் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். அலுவலகத்தில் ஒரே குஷி. ஞானவேல் போனில், "ஊரே பேசுது மேடம், பின்னிட்டீங்க!" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் உட்கார முடியவில்லை. இரண்டு முறை மாடியிலிருந்து இறங்கி வீதிக்குப் போய் நின்றேன். வாங்கிய டீ ஆறிப்போய் ஏடு கட்டியது. எங்கள் வேலை இவ்வளவு சீக்கிரம் பலித்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. கடைக்காரர் சொன்னால் ஜனங்கள் யோசிப்பார்கள், பேரம் பேசுவார்கள். இங்கே யாரும் யோசித்த மாதிரித் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பெண்ணிடமிருந்து போன். ஆட்டோவில் எழுதியிருந்த எண்ணைப் பிடித்து, டிரைவரிடம் கேட்டு, என் எண்ணை வாங்கியிருக்கிறார். பெயர் சுமதி, அரசு அலுவலகத்தில் கிளார்க், வீடு சாரம் பகுதியில்.

"மேடம், நேத்து மைக்ல சொன்னது உங்க விளம்பரமா?"

இரண்டாவது கட்டம் வரும்வரை சொல்லக்கூடாது என்பது ஏற்பாடு. "எதுக்குக் கேக்கறீங்க?" என்றேன்.

"எங்கப்பாவுக்கு சிறுநீரகம் ரெண்டும் போயிடுச்சு மேடம். டயாலிசிஸ்லதான் இருக்காரு. நாளைக்குப் போகணும். போவ மாட்டேன்றாரு. திங்கக்கிழமை மிஷின் நின்னுடும், பஷீர் பாயே சொல்லிட்டாருன்றாரு. ஒரு தடவ தவறினாலே அவருக்கு மூச்சு வாங்கும். போன தடவ தவறினப்ப ஐ.சி.யூ.வுல வெச்சோம்." வீட்டு விலாசத்தைக் கேட்டு வாங்கினேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

சுமதியின் அப்பா பெயர் கோவிந்தராசு, மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. நான் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே, "ஐயா, அது வெறும் விளம்பரம்" என்றேன்.

"எந்தக் கம்பெனி விளம்பரம்?"

"ஒரு கம்ப்யூட்டர் கடை."

"கடைன்னா பேரு சொல்லுவான். பேரு சொல்லாம எவனாவது விளம்பரம் பண்ணுவானா?"

நான் என்ன சொல்ல? பண்ணுவோம் ஐயா, அதுதான் எங்கள் புத்திசாலித்தனம் என்றா? ஞானவேல் கடையின் பெயரைச் சொன்னேன். ஏற்பாட்டை மீறியாயிற்று. அவர் அசையவில்லை.

"நீ என் பொண்ணு கூட்டியாந்த ஆளு. இவ என்னை அங்க அனுப்பறதுக்கு என்ன வேணாலும் சொல்லுவா. பாய் சொன்னா அது சர்க்கார் சேதி. தண்ணி வராதுன்னாரு, வரல. கரண்டு வராதுன்னாரு, வரல. இத்தினி வருசமா ஒரு தடவ பொய் சொல்லியிருக்காரா?"

"சொன்னதில்ல."

"அப்பறம்? மில்லுல மிஷின் திடீர்னு நின்னா நூல் அறுந்துபூடும், திரும்ப முடிச்சு போட்டுக்கலாம். அங்க என் ரத்தம் வெளிய வந்து சுத்திட்டிருக்கும்மா. பாதி உள்ள, பாதி வெளிய. அப்ப நின்னுட்டா?"

நாங்கள் அறையில் உட்கார்ந்து எழுதிய கேள்வியைத்தான் அவர் திருப்பிக் கேட்டார், தன் உடம்பை வைத்து. சுமதி மருத்துவமனைக்குப் போன் போட்டுக் கொடுத்தார். மிஷின் நின்றாலும் கையால் சுற்றியே ரத்தத்தை உடம்புக்குள் திருப்பிவிடலாம், அதற்குக் கைப்பிடி இருக்கிறது என்று அங்கிருந்தவர் பொறுமையாகச் சொன்னார். கோவிந்தராசு கேட்டுவிட்டு, "அவங்களும் அனுப்பத்தான் பாப்பாங்க" என்று போனை வைத்துவிட்டார்.

வாசலுக்கு வந்து ஞானவேலை அழைத்தேன். இன்றைக்கே ஆட்டோவை விட்டு உண்மையைச் சொல்ல வேண்டும் என்றேன்.

"ஒரே ஒரு நாள் பொறுங்க மேடம். நாளைக்குக் காலைல நாமே பேரச் சொல்லப்போறோமே."

"நாளைக்குக் காலைலதான் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஒரு ஆளுக்காக மொத்தத்தையும் கெடுக்கறீங்களே. மீறிப் பண்ணா நாம சேர்ந்து வேலை செய்ய முடியாது, சொல்லிட்டேன்."

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அந்த வீங்கிய கால்களை அவர் பார்க்கவில்லை, நான் பார்த்திருந்தேன். பிறகு முல்லா வீதிப் பக்கம் பஷீர் பாய் வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக் கூட்டத்தில் வண்டி நகரவில்லை. ஹார்னை அடித்துக்கொண்டே இருந்தேன், எல்லோரும் என்னைத் திட்டினார்கள்.

பாய் முழுவதையும் கேட்டார். "வண்டிய எடுங்க. நான் நேரா அந்த ஐயா வீட்டுக்கு வந்து சொல்லிடறேன். நான் சொன்னா கேப்பாரு" என்று சட்டையை மாட்டினார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். அவர் சொன்னது அருமையான வழி. கோவிந்தராசு மருத்துவமனைக்குப் போய்விடுவார். ஞானவேலின் ரகசியம் திங்கட்கிழமை வரை பத்திரமாக இருக்கும். பாயின் பெயர் கெடாது, என் வாடிக்கையாளர் போக மாட்டார். எல்லோருக்கும் நல்லது. நானும் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். படியில் கால் வைத்தபோதுதான் உறைத்தது. சுமதி கெட்டிக்காரி, ஆட்டோவைத் துரத்தி என்னைப் பிடித்துவிட்டார். சுமதி மாதிரி மகள் இல்லாத வீடுகள்? போன் செய்யத் தோன்றாமல் நாளைக்கு மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடுகிறவர்கள்?

"பாய், அவர் வீட்டுக்கு மட்டும் போனா பத்தாது. ஆட்டோவுல சொல்லணும். ஊர் முழுக்க."

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "என்னன்னு சொல்லச் சொல்றீங்க? நேத்து நான் சொன்னது நெசமில்லன்னா?"

"ஆமா."

"யோசிச்சுப் பாத்தீங்களாம்மா? நாளைக்குப் புயல் வருதுன்னு சொல்லுவேன். இதுவும் விளம்பரமான்னு கேப்பாங்க. கடலுக்குப் போவாதீங்கன்னு சொல்லுவேன். சிரிச்சுக்கினே போவாங்க. அப்ப யாரு பொறுப்பு? நீங்களா?"

அவர் கேட்டது நியாயம். நான் கேட்டதும் நியாயம். நெருக்கடியில் சரியான வழி ஒன்று எங்கேயோ ஒளிந்திருக்கும், புத்தி இருந்தால் கண்டுபிடித்துவிடலாம் என்று கூட்டங்களில் சொல்வார்கள். அன்றைக்கு அப்படி எதுவும் ஒளிந்திருக்கவில்லை. எது முதலில் ஆளைக் கொல்லும் என்று மட்டும் பார்த்தேன். புயல் என்றைக்கோ வரும், திங்கட்கிழமை மறுநாளே வருகிறது. "தெரியல பாய். ஆனா நாளைக்கு ஒருத்தர் போகாம இருந்துட்டா என்னால தாங்க முடியாது" என்றேன்.

அவர் மீதிப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். பிறகு, "பதிவெல்லாம் வேணாம். நானே ஆட்டோவுல உக்காந்து வரேன்" என்றார். ஏறிய பிறகு, "கடை பேரச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"எங்க ஏஜென்சி பேரச் சொல்லுங்க. எழுதினது நாங்க."

அப்படித்தான் சொன்னார். எழுதி வைத்துப் படிக்காததால் குரல் ஒரு நிலையில் இல்லை, அங்கங்கே தடுமாறியது. "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. நேத்து நான் திங்கக்கிழமையப் பத்திச் சொன்னது அரசாங்க அறிவிப்பு இல்லீங்க. அது விளம்பரம்." எங்கள் ஏஜென்சியின் பெயரைச் சொன்னார். "நாளைக்குன்னு தனியா ஒரு ஆபத்தும் கெடையாது. ஆஸ்பத்திரிக்குப் போவ வேண்டியவங்க தயவுசெஞ்சு போங்க. சொல்றது பஷீர்." நான் என் வண்டியில் பின்னாலேயே போனேன். கடைவாசல்களில் நின்றவர்கள் முறைத்தார்கள். ஒருவர் மண்ணை அள்ளித் தூற்றாத குறையாகத் திட்டினார். ஏ.டி.எம். வரிசையில் நின்ற கோபம்.

சாரத்தில் சுமதியின் தெருவுக்குள் ஆட்டோ நுழைந்தபோது கோவிந்தராசு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பாய் மைக்கை வைத்துவிட்டு இறங்கி அவர் எதிரில் போய் நின்றார்.

"பாய், நெசமாவா?"

"நெசம்ங்க ஐயா."

"அப்ப நேத்து சொன்னது?"

"அது காசு வாங்கிக்கினு சொன்னது."

"இன்னிக்கு?"

"இன்னிக்குக் காசு வாங்கல."

கோவிந்தராசு கேட்டிலிருந்து கையை எடுத்தார். பிறகு மகளிடம், "பையை எடுத்து வை, காலைல போவணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். போகும்போது பாயைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாய் அதைக் கவனித்தார். நானும் கவனித்தேன்.

திங்கட்கிழமை அவர் மருத்துவமனைக்குப் போனார். மிஷின் ஓடியது, எந்தக் கம்ப்யூட்டரும் நிற்கவில்லை. சுமதி போன் செய்து அழுதார், நானும் அழுதேன். ஞானவேல் சொன்னபடியே எங்களை விட்டுப் போனார். வேறு ஏஜென்சி மூலம் தன் பெயரைப் பெரிதாகப் போட்டு விளம்பரம் செய்தார், பெட்டிகள் நன்றாகவே விற்றன. முதலிலேயே பெயரோடு சொல்லியிருந்தாலும் விற்றிருக்கும். இது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அந்த வருடம் மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், எங்கள் தெருவுக்குள் மைக் ஆட்டோ வந்தது. எங்கள் தெரு பள்ளம், மழை என்றால் முதலில் தண்ணீர் ஏறுவது இங்கேதான். பாயின் குரல், தண்ணீர் வராத குரல். "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. இது விளம்பரம் இல்லை. கனமழை எச்சரிக்கை. தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் இப்போதே பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்."

இது விளம்பரம் இல்லை. அதை அவர் தானாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் அதைச் சொல்ல வேண்டிய அவசியமே அவருக்கு இருந்ததில்லை.

எதிர்வீட்டுப் பெண் வாசலில் கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். ஆட்டோ போகும்வரை கேட்டாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, "இது எந்தக் கடைக்குக்கா? குடையா, ரெயின்கோட்டா?" என்றாள்.

அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? "இது நெசம்டி. புள்ளையத் தூக்கு, கெளம்பு" என்று கத்தினேன். அவள் சிரிப்பு போகவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், அவள் மாமியார் எதிரில் நின்று இன்னொரு தடவை சொன்ன பிறகுதான் அசைந்தார்கள். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன். அதற்கடுத்த வீட்டையும். இரண்டாம் முறையும் ஆட்டோ வந்து போனது, யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மழை வலுத்துவிட்டது. கணுக்கால் தண்ணீரில் நனைந்துகொண்டே தெருக்கோடி வரை வீடு வீடாகப் போய், தொண்டை கட்டும்வரை சொன்னேன். பாய் ஒரு தடவை சொன்னால் போதுமாக இருந்த ஊர் இது.

லேப்டாப்போடு வந்தவரே, உங்கள் வாசகம் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குக் கீழே உங்கள் கம்பெனியின் பெயரைப் போட்டுக்கொண்டு வாருங்கள், பேசலாம்.